‘சரிங்க’ சொல்வதற்கு முன்னால்

கேள்வி:

ஐயா, எனக்கு 22 வயது. காங்கயம் பக்கம் கிராமம். பி.காம். கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ் முடித்துவிட்டு, திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் ஆர்டர்களைப் பின்தொடர்ந்து முடித்துக்கொடுக்கும் ஜூனியர் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. போன மாதம் 4,800 பீஸ் நேவி டி-ஷர்ட் ஆர்டர் ஒன்று என் பொறுப்பில் இருந்தது. திங்கள்கிழமை காலை மீட்டிங்கில் எம்.டி., “வியாழக்கிழமை இன்ஸ்பெக்ஷன் வெச்சுக்கலாமா?” என்று கேட்டார். “சரிங்க” என்றேன். 1,100 பீஸுக்கு முன்பாகம் பிரிண்டிங்கிலிருந்து வரவில்லை என்று எனக்குத் தெரியும். நாளைக்கு வந்துவிடும் என்று அங்கே சொன்னார்கள், நம்பிவிட்டேன். வியாழக்கிழமை பையர் தரப்பு ஆய்வாளர் வந்து பார்த்துவிட்டு, பேக்கிங் 60 சதவீதம்தான் ஆகியிருக்கிறது என்று திரும்பிப் போய்விட்டார். எல்லோர் முன்னாலும் எம்.டி. சத்தம் போட்டார். அன்றிலிருந்து போன் மணி அடித்தாலே வயிற்றைக் கலக்குகிறது. ஆங்கில மெயிலும் தடுமாற்றம். யாரை சார் என்பது, யாரை அண்ணா என்பது என்றுகூடக் குழப்பம். வீட்டில் தென்னந்தோப்பும் நாலு மாடும் இருக்கின்றன. பேசாமல் அப்பாவோடு பண்ணையம் பார்க்கப் போய்விடலாமா?

— பெயர் வேண்டாம், காங்கயம் வட்டம்

பதில்:

தம்பி, பண்ணையத்தைக் கடைசியில் பேசுவோம். முதலில் அந்தத் திங்கள்கிழமை.

நம் பக்கத்தில் ‘சரிங்க’ என்ற சொல்லுக்கு நாலு வேலை. பெரியவர் பேசும்போது ‘கேட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்பதற்கும் சரிங்க. ‘புரிந்தது’ என்பதற்கும் சரிங்க. ‘அது ஆகும்’ என்பதற்கும் சரிங்க. ‘நான் செய்து தருகிறேன்’ என்பதற்கும் அதே சரிங்க. வீட்டில் இதனால் குழப்பம் வருவதில்லை. முகத்தைப் பார்த்தே எந்த சரிங்க என்று அம்மாவுக்குத் தெரிந்துவிடும். அலுவலகத்தில் கேட்கிறவருக்கு நாலாவது மட்டும்தான் காதில் விழும். நீங்கள் சொன்னது முதலாவது. எம்.டி. ஆய்வாளருக்குத் தேதி கொடுத்தது நாலாவதை நம்பி.

பெரியவர்கள் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசக்கூடாது என்று வளர்ந்த பையன்கள் வேலைக்கு வந்த முதல் வருடத்தில் இடறுகிற இடம் பெரும்பாலும் இதுதான். எக்செல் தெரியாததும் ஆங்கிலம் வராததும் ஆறு மாதத்தில் சரியாகிவிடும். இது தானாகச் சரியாகாது. வேண்டுமென்றே பழக வேண்டும்.

அன்று காலை உங்கள் கையில் இருந்த விவரத்தை வைத்தே கணக்குப் போட்டுப் பாருங்கள். 4,800-ல் 3,700-க்கு முன்பாகம் வந்துவிட்டது, பாக்கி 1,100. பிரிண்டிங்காரர் சொன்னபடி செவ்வாய் மாலை வந்ததாகவே வைத்துக்கொள்வோம். வந்ததை அப்படியே லைனில் கொட்ட முடியாது. பிரிண்ட் செக்கிங் ஆகி, சைஸ் வாரியாக, கட்டு வாரியாகப் பின்பாகத்தோடும் கையோடும் சேர்ந்தால்தான் டெய்லர் உட்கார முடியும். ஆக, புதன் காலைதான் லைன் ஏறும். உங்கள் லைன் ஒரு நாளைக்கு எவ்வளவு எடுக்கும் என்று நீங்கள் எழுதவில்லை. 500 என்று வைத்துக்கொள்கிறேன். 1,100-க்குப் புதன், வியாழன் முழுசாக, வெள்ளி காலையில் கொஞ்சம். செக்கிங், அயர்னிங், பேக்கிங் அதற்கு ஒரு நாள் பின்னாலேயே வரும். சனிக்கிழமை மத்தியானம் ஆகிவிடும், அதுவும் பிரிண்டில் பிசிறோ நிற வித்தியாசமோ இல்லாமல் இருந்தால். சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் நீட்டலாம் என்றும் நினைக்காதீர்கள். அது வாரச் சம்பள நாள். சாயங்காலம் டெய்லர் அக்காக்களிடம் ‘இன்னும் ஒரு மணி நேரம்’ என்று கேட்டு நின்றால் என்ன பதில் வரும் என்று இந்நேரம் தெரிந்திருக்கும்.

இப்போது ஆய்வாளர் ஏன் திரும்பிப் போனார் என்று பாருங்கள். இறுதி ஆய்வுக்குப் பெரும்பாலான பையர்கள் வைத்திருக்கும் விதி ஒன்றுதான்: பீஸ் 100 சதவீதம் முடிந்திருக்க வேண்டும், குறைந்தது 80 சதவீதம் பெட்டியில் இருக்க வேண்டும். 4,800-க்கு அது 3,840. அந்த எண்ணுக்குக் காரணம் உண்டு. ஆய்வாளர் எல்லா பீஸையும் புரட்டிப் பார்ப்பதில்லை. ஏ.க்யூ.எல். (எவ்வளவு குறை வரை ஏற்கலாம் என்ற அளவு) அட்டவணையில், பொது ஆய்வு நிலை இரண்டில், 3,201 முதல் 10,000 வரையுள்ள லாட்டுக்கு 200 பீஸ் எடுப்பார். 2.5 அளவுகோல் என்றால் அந்த 200-ல் பெரிய குறை 10 வரை பாஸ். 11 ஆனால் லாட்டே ஃபெயில். அந்த 200-ஐ எந்தப் பெட்டியிலிருந்து எடுப்பது என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். பாதிச் சரக்கு டேபிளிலும் லைனிலும் கிடந்தால், நாம் நல்ல பீஸாகப் பார்த்து முன்னால் எடுத்து வைத்ததாகிவிடும். அதனால் எண்ணிப் பார்த்தார், கிளம்பிவிட்டார். உங்கள் மேல் அவருக்கு ஒரு கோபமும் கிடையாது.

எம்.டி.க்கு இருந்தது. மறு ஆய்வுக் கட்டணம் நிறுவனத்தின் தலையில் விழும். கப்பல் தவறினால் விமானம். ஒரு டி-ஷர்ட் 170 கிராம் என்று வைத்தால் 4,800 பீஸ் 816 கிலோ. விமானத்தில் அதைக் கிலோ கணக்கில் அனுப்பினால் அந்த ஆர்டரின் லாபம் அத்தோடு போச்சு. ஆனால் அவரை உண்மையில் எரியவைத்தது வேறு. திங்கள் காலையிலேயே தெரிந்திருந்தால் அவர் கையில் வழி இருந்தது. அந்த 1,100-ஐ இரண்டு லைனில் பிரித்துப் போட்டிருக்கலாம். தையல் வியாழன் காலையிலேயே முடிந்து, வெள்ளி மத்தியானம் பேக்கிங் முடிந்திருக்கும். ஆய்வாளரை வெள்ளிக்கு மாற்றச் சொல்லி அன்றே ஒரு மெயில் போயிருக்கும். வியாழக்கிழமை தெரிந்ததால் எந்த வழியும் மிச்சமில்லை.

அன்று நீங்கள் சொல்லியிருக்க வேண்டியது இவ்வளவுதான்:

“வியாழன் ஆகாதுங்க சார். 1,100 பீஸ் இன்னும் பிரிண்டிங்ல இருக்குதுங்க. நாளைக்குப் பொழுதோட வந்துட்டா ஒரு லைன்ல சனி மத்தியானம் பேக்கிங் முடியுமுங்க. ரெண்டு லைன்ல போட்டா வெள்ளி மத்தியானம் முடியுமுங்க. எப்படி வெச்சுக்கலாமுங்க?”

பதில் முதலில், காரணம் எண்ணோடு, அப்புறம் தேதி, கடைசியில் வழி. இந்த வரிசை மாறக்கூடாது. பையன்கள் பெரும்பாலும் கதையிலிருந்து ஆரம்பிப்பார்கள்: “பிரிண்டிங்ல அந்த அண்ணன் ஊருக்குப் போயிட்டாருங்க, அப்புறம் ஸ்கிரீன் கிழிஞ்சு போச்சாமுங்க, அதனால…” தேதி வருவதற்குள் கேட்கிறவரின் பொறுமை போய்விடும். ‘முடியாதுங்க’ என்றால் முகத்தில் அடித்த மாதிரி இருக்கிறது என்று கூச்சப்படுகிறீர்களா? ‘ஆகாதுங்க’ என்று நம் பக்கத்தில் அழகாக ஒரு சொல் இருக்கிறதே. அதில் மரியாதையும் குறையாது, விஷயமும் மறையாது.

கேட்ட உடனே கணக்கு மனதில் ஓடவில்லை என்றால் வெட்கப்பட வேண்டாம். ஐந்து மாதத்தில் யாருக்கும் ஓடாது. “கேட்டுக்கிட்டனுங்க. கணக்குப் பாத்துட்டு பதினொரு மணிக்குள்ள சொல்றனுங்க” என்று சொல்லிவிட்டு வெளியே வாருங்கள். பதினொன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே திரும்பப் போய் நின்றுவிடுங்கள். விடை இன்னும் கிடைக்கவில்லை என்றாலும் போங்கள். “இன்னும் பிரிண்டிங்ல பேச முடியலீங்க, பன்னெண்டரைக்குச் சொல்றனுங்க” என்பதும் ஒரு பதில்தான். நீங்களாக ஒரு நேரத்தைச் சொல்லி, அந்த நேரத்துக்கு நீங்களாக வந்து நிற்பதை ஒரு மாதம் செய்து பாருங்கள். உங்களைத் தேடி இன்டர்காம் அடிப்பது குறைந்துவிடும். கெட்ட செய்தி என்றால் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் சொல்லிவிடுவது நல்லது. வண்டி அனுப்பவும், வேறு யூனிட்டில் இடம் கேட்கவும், பையருக்கு எழுதவும் அதற்கு அப்புறமும் பகல் இருக்கும்.

இதெல்லாம் உங்களுக்குப் புதிதும் இல்லை. உங்கள் பக்கம் பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு) பாசனம். முறைத் தண்ணீர் வரும் நாளில் மடை பார்க்க ஆள் இல்லை என்றால் அப்பா என்ன செய்வார்? தண்ணீர் வாய்க்காலில் வந்த பிறகா கையைப் பிசைவார்? முந்தின நாள் பொழுதோடவே பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் போய்ச் சொல்லி ஏற்பாடு செய்துவிடுவார். அதைத்தான் நீங்கள் சட்டையை இன் பண்ணிக்கொண்டு செய்ய வேண்டும்.

அடுத்து, “நாளைக்கு வந்துரும்ணா”. திருப்பூரில் ஒரு டி-ஷர்ட் பெரும்பாலும் ஒரே கூரையின் கீழ் உருவாவதில்லை. நிட்டிங் ஒரு இடம், டையிங் ஒரு இடம், காம்பாக்டிங் (துணி பின்னால் சுருங்காதபடி அழுத்தி எடுப்பது), பிரிண்டிங், எம்பிராய்டரி என்று ஒவ்வொன்றும் வெளியே கூலிக்குச் செய்து தரும் ஜாப் ஒர்க். அங்கெல்லாம் ‘நாளைக்கு’ என்பது உங்கள் ‘சரிங்க’வுக்குத் தம்பி. உங்களை வெறுங்கையோடு அனுப்ப மனசில்லாமல் சொல்வது. அதனால் ‘எப்ப வரும்’ என்று கேட்காதீர்கள். ‘இப்ப எங்க இருக்கு’ என்று கேளுங்கள்.

டையிங் என்றால்: பேட்ச் போட்டாச்சா? எத்தனை கிலோ, எத்தனை ரோல்? மெஷினில் ஏறிவிட்டதா? அடர் நிறக் காட்டன் துணிக்கு மெஷினில் மட்டும் எட்டு, பத்து மணி நேரம் ஆகும். அப்புறம் பிழிந்து, உலர்த்தி, காம்பாக்டிங் போக வேண்டும். சாயங்காலம் வரை மெஷினில் ஏறாத துணி நாளைக் காலை உங்கள் கேட்டுக்கு வராது, யார் சத்தியம் செய்தாலும். வந்த பிறகும் உடனே வெட்ட முடியாது. விரித்துப் போட்டு ஒரு நாள் ஆறவிட வேண்டும். லைக்ரா கலந்த துணி என்றால் கட்டாயம். ஆறாமல் வெட்டினால் வெட்டிய பிறகு சுருங்கும், தைத்த பீஸில் நீளம் அடிபடும். பிரிண்டிங் என்றால்: ஸ்ட்ரைக் ஆஃப் (மாதிரி பிரிண்ட்) ஒப்புதல் ஆச்சா, ஸ்கிரீன் ரெடியா, எத்தனை பீஸ் அடித்தாச்சு, கியூரிங் (பிரிண்டைச் சூட்டில் இறுக வைப்பது) ஆச்சா? கடைசிக் கேள்வி முக்கியம். அவசரப்படுத்தினால் கியூரிங் நேரத்தில்தான் கைவைப்பார்கள். சூடு போதாத பிரிண்ட் நாலு துவைப்பு தாங்காமல் வெடித்து உரியும்.

உங்கள் 1,100 பீஸ் விஷயத்தில், போனில் கேட்டதோடு நின்றுவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். சந்தேகம் இருக்கும் ஆர்டருக்கு வண்டியை எடுத்துக்கொண்டு நேரில் போய்விடுங்கள். போனில் ‘ஓடிட்டு இருக்கு’ என்பது நேரில் மூலையில் கட்டுக்கட்டாகக் கிடக்கும். வாங்கி வரும்போது எண்ணி வாங்குங்கள். டெலிவரி சலானில் 1,100 என்றிருக்கும், கட்டில் 1,064 இருக்கும். குறைவை அந்தச் சலானிலேயே எழுதி அவர் கையெழுத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். நாலு நாள் கழித்து ‘நாங்க முழுசாத்தான் குடுத்தோம்’ என்று ஆரம்பித்தால் பேச அந்தத் தாள்தான் இருக்கும்.

போன் பயத்துக்கும் இங்கேயே மருந்து இருக்கிறது. மணி அடித்தால் வயிறு கலங்குவது என்ன கேட்பார்களோ, பதில் தெரியாதே என்பதால். கேட்கப்படுவது நாலைந்து விஷயம்தான். ஒரு நோட்டில் ஸ்டைலுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். மேலே ஆர்டர் அளவு, நிறம், எக்ஸ் ஃபேக்டரி தேதி (சரக்கு ஆலையை விட்டுக் கிளம்ப வேண்டிய நாள்). கீழே நாள் வாரியாக ஒரு வரி: என்ன நிலை, போனது எவ்வளவு, வந்தது எவ்வளவு, அடுத்தது எப்போது, அதைச் சொன்னவர் யார். கடைசிக் கட்டத்தை விட்டுவிடாதீர்கள். ‘பிரிண்டிங்ல சொன்னாங்க’ என்பதற்கும் ‘பிரிண்டிங் சூப்பர்வைசர் மத்தியானம் மூணு மணிக்குச் சொன்னார்’ என்பதற்கும் கனம் வேறு. கிளம்புவதற்கு முன் கால் மணி நேரம் இதற்கு. எக்செல் ஷீட் இருக்கிறதே என்பீர்கள். அது அலுவலகத்துக்கு. இது போன் பக்கத்தில் திறந்து கிடக்க.

தேதி எண்ணும்போது தீபாவளி, பொங்கல் வாரங்களை வேலை நாளில் சேர்க்காதீர்கள். தென்மாவட்டத்துக்காரர்களும் வடமாநிலத்துக்காரர்களும் ஊர் போய்த் திரும்பி, லைன் முழுசாக ஓட ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிடும்.

எண்ணோடு பேசுவது தேதிக்கு மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். ‘துணி கொஞ்சம் லேசா இருக்குதுங்க’ என்று மேனேஜரிடம் போனால் ‘போய் வேலையப் பாரு’ என்பார். ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற அளவு) கட்டரை எடுங்கள். அடியில் ரப்பர் பேடு வைத்து, ரோலின் ஓரத்தையும் மடிப்பு விழுந்த இடத்தையும் விட்டு, அகலத்தில் இடது, நடு, வலது என மூன்று வட்டம் வெட்டுங்கள். ஒவ்வொரு வட்டமும் 100 சதுர செ.மீ. எடை கிராமில் எவ்வளவோ அதை நூறால் பெருக்கினால் ஜி.எஸ்.எம். 1.68, 1.70, 1.71 கிராம் வந்தால் 168, 170, 171. கேட்டது 180; பையர் ஐந்து சதவீதம் கூடக்குறைய விடுவார் என்றால் அடிமட்டம் 171. இப்போது போய், “180 கேட்டதுங்க, மூணு வெட்டுல ரெண்டு 171-க்குக் கீழ இருக்குதுங்க, இன்னும் ரெண்டு ரோல் வெட்டிப் பாக்கட்டுங்களா?” என்று கேளுங்கள். அவர் நாற்காலியிலிருந்து எழுந்து வருவார். ஒரு எச்சரிக்கை: காம்பாக்டிங்கிலிருந்து சூடாக வந்ததை உடனே வெட்டி எடை போடாதீர்கள். ஈரப்பதம் சேராத துணி எடை குறைத்துக் காட்டும். பிளேடு மழுங்கியிருந்தாலும் வட்டம் பிசிறடித்துக் கணக்கு தப்பும்.

ஆங்கில மெயில் பற்றி அதிகம் கவலைப்படுகிறீர்கள். ஜெர்மனியிலும் ஸ்பெயினிலும் உட்கார்ந்து அதைப் படிப்பவருக்கும் ஆங்கிலம் தாய்மொழி இல்லை. சின்னச் சின்ன வாக்கியம் போதும். ஒரு மெயிலில் ஒரு ஸ்டைல். தலைப்பில் ஸ்டைல் எண், ஆர்டர் எண், நிறம், என்ன வேண்டும், எந்தத் தேதிக்குள் — இத்தனையும் வந்துவிட்டால் உள்ளே நாலு வரிக்கு மேல் தேவைப்படாது. ‘கைண்ட்லி டூ த நீட்ஃபுல்’ என்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். எது நீட்ஃபுல் என்று அவருக்கு எப்படித் தெரியும்? ‘பி.பி. சாம்பிள் (உற்பத்திக்கு முந்தைய மாதிரி) ஒப்புதல் 14-ம் தேதிக்குள் வேண்டும், தாமதமானால் கட்டிங் 18-க்குத் தள்ளும்’ என்று எழுதினால் பதில் வரும். தாமதத்தின் விலையைச் சேர்த்து எழுதாத மெயில் அடியில் போய்விடும்.

நேரத்தையும் பாருங்கள். ஜெர்மனியின் காலை 9 மணி நமக்குக் கோடையில் மத்தியானம் 12.30, குளிர்காலத்தில் 1.30. உங்கள் மெயில் அதற்கு முன் போய்விட்டால் அவர் முதல் காபியோடு படிப்பார், சாயங்காலத்துக்குள் பதில் கிடைக்கும். இரவு எட்டரைக்கு அனுப்பினால் ஒரு நாள் போச்சு. நியூயார்க் பையர் என்றால் அவருக்கு 9 மணி ஆகும்போது நமக்கு மாலை ஆறரை அல்லது ஏழரை. அமெரிக்க ஆர்டர் பார்ப்பவர்கள் லேட்டாகக் கிளம்புவது ஏன் என்று இப்போது புரியும்.

இலக்கணப் பிழையால் யாருக்கும் வேலை போகாது. பழைய மெயில் சங்கிலியை அப்படியே ஃபார்வர்டு செய்வதால் போகும். டையிங்காரர் கொடுத்த ரேட், அதில் உங்கள் மேனேஜர் எழுதிய குறிப்பு, எல்லாம் அடியில் தொங்கிக்கொண்டிருக்க மேலே ‘டியர் சார்’ என்று எழுதிப் பையருக்கு அனுப்பிவிடுவார்கள். அல்லது பையர் விலை சப்ளையருக்குப் போய்விடும். வெளியே போகும் மெயிலைப் புதிதாகத் தொடங்குங்கள். போனில் பேசி முடிவானதையும் ஒரு வரி எழுதி அனுப்பிவிடுங்கள், வாட்ஸ்அப்பாக இருந்தாலும் பரவாயில்லை. வாய்ஸ் மெசேஜ் வேண்டாம். ஆறு வாரம் கழித்து அதைத் தேடி எடுக்க முடியாது.

யாரை எப்படிக் கூப்பிடுவது? எம்.டி., ஜி.எம்., மேனேஜர் எல்லாம் சார், மேடம். உறவினராகவே இருந்தாலும் அலுவலகத்துக்குள் சார்தான். கட்டிங் மாஸ்டரை ‘மாஸ்டர்’ என்று கூப்பிடுங்கள். அது அவர் சம்பாதித்த பட்டம். டெய்லர், செக்கிங், அயர்னிங் எல்லோரும் அண்ணா, அக்கா. ‘ங்க’ அனைவருக்கும் உண்டு. பேக்கிங் பையனை மற்றவர்கள் ‘டேய்’ என்கிறார்கள் என்று நீங்களும் ஆரம்பிக்க வேண்டாம். ஒடிசா, பீகாரிலிருந்து வந்தவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். ‘இந்திக்காரன்’ என்பது பெயர் இல்லை. இந்தியில் ஒன்றிலிருந்து நூறு வரை எண்ணக் கற்றுக்கொண்டால் பேக்கிங் ஹாலில் உங்கள் பாதி வேலை சுலபமாகும். மாஸ்டரிடம் போகும்போது ஃபைலை நீட்டி ‘இதை இப்படி வெட்டணுமுங்க’ என்று நிற்காமல், ‘இதுல என்ன சிக்கல் வருமுங்க மாஸ்டர்?’ என்று கேளுங்கள். இருபது வருட அனுபவம் தானாக வாய் திறக்காது.

இன்னொன்றும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ‘எந்த ஊருங்க, யார் வீட்டுப் பையனுங்க’ என்று ஆரம்பித்து மூன்றாவது கேள்வியில் எங்கே கொண்டுபோய் நிறுத்துவார்கள் என்று உங்களுக்கும் தெரியும். ஊரைச் சொல்லிவிட்டு வேலைப் பேச்சுக்கு வந்துவிடுங்கள். நீங்கள் யாரிடமும் அதைக் கேட்க வேண்டாம். யாராவது பங்காளி, மாமன் என்று உறவு கண்டுபிடித்தால் டீ குடியுங்கள், நல்லதுதான். ரேட்டிலும் தேதியிலும் அந்த உறவு நுழைந்தால், தாமதமான பீஸை அழுத்திக் கேட்க உங்களுக்கு நாக்கு எழாது.

எல்லோர் முன்னாலும் திட்டு வாங்கியது உறுத்திக்கொண்டே இருக்கிறது என்பது கடிதத்தில் தெரிகிறது. பதினொரு மணிக்குச் சத்தம், நாலு மணிக்கு ஒன்றாக டீ என்பது இந்த ஊர்ப் பழக்கம். அது சரி என்று சொல்லவில்லை. அவர் மனதில் அது இந்நேரம் பழைய கணக்கு என்று சொல்கிறேன். அந்த நேரத்தில் விளக்கம் சொல்லக் கூடாது. “என் தப்புங்க. மிச்சம் எப்ப முடியுமுன்னு அரை மணி நேரத்துல சொல்றனுங்க” என்று நகர்ந்துவிட வேண்டும். ‘பிரிண்டிங்ல ஏமாத்திட்டாங்க’ என்று ஆரம்பித்தால் சத்தம் இன்னும் பத்து நிமிடம் நீளும். ஒரு மாதம் ஆகிவிட்டாலும் இப்போது நீங்கள் ஒன்று செய்யலாம். சாயங்காலம் அவர் தனியாக இருக்கும்போது ஐந்து நிமிடம் கேட்டு, “இனி ஒவ்வொரு இன்ஸ்பெக்ஷனுக்கும் மூணு நாள் முன்னாடியே எத்தனை பீஸ் பெட்டியில இருக்குது, எத்தனை வெளிய இருக்குதுன்னு எழுதிக் குடுத்துடறனுங்க” என்று சொல்லிவிட்டு வாருங்கள். மன்னிப்பை நீட்டி முழக்க வேண்டாம். அடுத்த இன்ஸ்பெக்ஷனுக்கு அந்தத் தாள் அவர் மேஜையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வேலையைத் திட்டுவது வேறு, அம்மாவை இழுத்தோ சாதியைச் சொல்லியோ திட்டுவது, கையை ஓங்குவது வேறு. அது நடந்தால் தேதி, நேரம், சொன்ன சொல் மூன்றையும் அன்றே எழுதி வைத்து, எச்.ஆருக்கு எழுத்தில் கொடுங்கள். கொடுத்துவிட்டு வேறு இடமும் பார்க்க ஆரம்பிக்கலாம்.

இப்போது பண்ணையம். தென்னையும் மாடும் எங்கேயும் ஓடிவிடாது. பண்ணையம் பிடித்துப் போனால் போங்கள். அதில் குறைவு ஒன்றும் இல்லை. ஒரு வியாழக்கிழமைக்குப் பயந்து போனால், கொப்பரை வியாபாரி ‘நாளைக்குப் பணம் தர்றேன்’ என்று சொல்லும்போதும் நீங்கள் ‘சரிங்க’ என்றுதான் நிற்பீர்கள். ஐந்து மாதத்தில் நீங்கள் பார்த்தது ஒன்றிரண்டு ஆர்டர். நூலிலிருந்து கப்பல் வரை நாலைந்து ஆர்டர் முழுசாகப் பாருங்கள், அதற்கு ஒரு வருடம் ஆகும். அப்புறம் முடிவெடுங்கள்.

அதற்குள் சில தாள்களைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நியமனக் கடிதத்தில் நோட்டீஸ் காலம் எத்தனை நாள் என்று பாருங்கள். அதைக் கழிக்காமல் கிளம்பினால் ரிலீவிங் லெட்டர் இழுத்தடிக்கும். சம்பளச் சீட்டில் பி.எஃப். 12 சதவீதம், அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்ததற்கு. மாதச் சம்பளம் 21,000 வரை என்றால் இ.எஸ்.ஐ.க்கு உங்களிடம் 0.75 சதவீதம் பிடிப்பார்கள், நிறுவனம் 3.25 போடும். பிடிப்பது தெரிகிறது, கட்டுகிறார்களா என்பதை யு.ஏ.என். எண்ணை (உங்கள் நிரந்தர பி.எஃப். எண்) ஆக்டிவேட் செய்து பாஸ்புக்கில் நீங்களே பாருங்கள். அங்கே பெயரைக் கவனியுங்கள்: ஆதாரில் இனிஷியல் முன்னால், மார்க் ஷீட்டில் பின்னால், பி.எஃப்.-ல் இனிஷியலே இல்லை என்று மூன்று விதமாக இருந்தால் பணம் எடுக்கும்போது நிற்கும். இப்போதே ஆதாரோடு ஒத்துப்போகும்படி திருத்தக் கொடுங்கள். வேறு கம்பெனிக்குப் போனாலும் அதே யு.ஏ.என். எண்தான், புதிது வாங்க வேண்டாம்.

ஒரிஜினல் சான்றிதழ்களை அலுவலகத்தில் கொடுத்து வைத்திருக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. கொடுத்திருந்தால், என்னென்ன கொடுத்தீர்கள் என்று பட்டியல் போட்டு, சீல் வைத்துக் கையெழுத்தோடு ஒரு ரசீது இந்த வாரமே கேட்டு வாங்குங்கள். ‘அப்புறம் பாத்துக்கலாம்’ என்றால் ‘சரிங்க’ என்று வந்துவிடாமல், “நாளைக்குப் பதினொரு மணிக்கு வந்து வாங்கிக்கறனுங்க” என்று சொல்லிவிட்டு, பதினொரு மணிக்குப் போய் நில்லுங்கள்.